ரெண்டு விரக்கடை

இஞ்சின ஆஃப் பண்ணீருங்க சார். ரயில்வே கேட்டு சாத்தீட்டான், இனி எப்படியும் பத்துப் பதினஞ்சு நிமிசம் ஆகும். கை பிரேக்க இழுத்து உடுங்க. கியர நியூட்ரல்ல போடுங்க. ம், அப்படித்தான். நாலாவது நாளே கை தானாப் போகுது பாருங்க. முப்பது வருசம் ஹெட்மாஸ்டரா இருந்தவருக்குச் சொல்லிக்குடுக்கறதுல நமக்கும் ஒரு சந்தோசந்தானுங்க.

என்ற காலைப் பாக்கறீங்க. மொத நாள்ல இருந்தே பாக்கறீங்க, எனக்குத் தெரியாம இல்லீங்க. சொல்லிக்குடுக்கறவளுக்குன்னு கீழ தனியா ஒரு கிளட்சும் ஒரு பிரேக்கும் வெச்சிருக்குது, அதுல காலை வெக்காம இவ என்ன கல்யாணப் பந்தியில உக்காந்த மாதிரி சீட்டு மேல சம்மணம் போட்டு உக்காந்திருக்கறான்னு நெனப்பீங்க. முட்டி வலிங்க சார். தொங்கப் போட்டா வலிக்குது. டாக்டரு மடக்கி வெச்சுக்கச் சொன்னாரு. எந்த டாக்டருன்னெல்லாம் கேக்காதீங்க. அவ்வளவுதான் விசயம், வேற ஒண்ணுமில்லை. அவசரத்துக்குக் கை பிரேக்கு இருக்குது, என்ற கை அது மேலயேதான் இருக்குது பாருங்க.

எங்க மொதலாளி வேலுச்சாமி அண்ணன் உங்ககிட்ட வேற மாதிரி சொல்லியிருப்பாரு. மரகதம் நல்லாத்தான் சொல்லிக்குடுப்பா, ஆனா பாருங்கன்னு இழுத்திருப்பாரு. அந்த ஆனா பாருங்கங்கறது எனக்குத் தெரியும். செரி, கேட்டு தொறக்கற வரைக்கும் நேரமிருக்குது. நடந்தத நடந்தபடி நான் சொல்றனுங்க. கேட்டுப்போட்டு நீங்களே சொல்லுங்க, தப்பு ஆரு மேலன்னு. நீங்க பள்ளிக்கூடத்துல எத்தனை பஞ்சாயத்துப் பண்ணியிருப்பீங்க.

பதினாறு வருசமுங்க சார், இந்த இடது சீட்டுல. வண்டி மூணு மாறிப்போச்சு, சீட்டு மாறலை. நம்மூர்ல பொம்பளைங்களுக்குப் பொம்பளை கார் ஓட்டச் சொல்லிக்குடுக்கறது நான் ஒருத்திதான். டாக்டர் வீட்டம்மா, ரைஸ்மில்லுக்காரங்க மருமக, போஸ்டாபீஸ்ல ஸ்டாம்பு குடுக்கறவங்க, அத்தனை பேரும் எங்கிட்டக் கத்துக்கிட்டவங்க. ஒரு விசயத்த நான் எங்க வேணாலும் நின்னு சொல்லுவேன். நான் பக்கத்துல உக்காந்திருந்து ஒருத்தர் கையிலயும் வண்டி ஆஃப் ஆனதில்லை. ஒருத்தர் கையிலயும். மத்த டிரைவிங் ஸ்கூல் வண்டியெல்லாம் பஸ் ஸ்டாண்டு மேட்டுல தவளை மாதிரி குதிச்சுக்கிட்டுக் கெடக்கும். நம்ம வண்டி, மடியில தண்ணிச் சொம்பு வெச்சிருந்தாலும் அலுங்காது.

ஆனா டெஸ்ட்டுன்னு வந்தா என்ன ஆகுதுன்னு கேளுங்க. டெஸ்ட்டுல இந்த சீட்டுல நான் உக்கார முடியாது, இன்ஸ்பெக்டரு உக்காருவாரு. நான் வேப்பமரத்தடியில நிக்கோணும். எங்கிட்ட அத்தனை அழகா ஓட்டினவ, அவரு ஏறி உக்காந்து எடும்மான்னு சொன்னதும், வண்டி ஒரு குதி குதிச்சு நின்னுபோகும். மறுக்கா எடுப்பா, மறுக்கா நின்னுபோகும். மூணாவது தடவைக்கு எறங்கிக்கம்மான்னு சொல்லீருவாரு. போன தையில இருந்து வைகாசிக்குள்ள எட்டுப் பேருங்க சார், வரிசையா. எட்டுப் பேரும் நான் தயார் பண்ணி அனுப்பினவங்க.

இதுல என்ன தெரீது உங்களுக்கு? எனக்குத் தெரிஞ்சது என்னன்னா, அந்த இன்ஸ்பெக்டரு உக்கார்ற விதம் செரியில்லை. கெட்ட மனுசன் இல்லீங்க, ஒருத்தரையும் திட்டினதில்லை. ஆனா பக்கத்துல உக்காந்தாருன்னா ரெண்டு காலையும் சேத்துப் பின்னால இழுத்து வெச்சுக்கிட்டு, மடியில ஃபைல வெச்சுக்கிட்டு, ஜன்னல் வழியா வெளிய பாப்பாரு. ஒண்ணுமே பண்ணமாட்டாரு. ஒரு ஒத்தாசை இல்லை. அப்படி ஒருத்தர் உக்காந்திருந்தா பொம்பளைங்களுக்குக் கைகால் ஓடுமா? நான் அப்படியா உக்காருவேன்.

அதோட அந்த சத்தமும் சேந்துக்குச்சு. மாசி மாசம் ஆரம்பிச்சுது. கிரைண்டருல மாவை வழிச்சு எடுத்தப்பறம் கல்லு சும்மா சுத்தினா ஒரு சத்தம் வருமே, அது மாதிரி வண்டிக்கு அடியில இருந்து. மொதல்ல சன்னமாத்தான் இருந்துச்சு. பங்குனியில ரோட்டுல போறவங்க திரும்பிப் பாக்க ஆரம்பிச்சுட்டாங்க. அப்பவே மொதலாளிகிட்டச் சொன்னேன், இந்த சத்தந்தான் என்ற பொண்ணுங்கள மெரட்டுது, இத நிறுத்தினா எல்லாரும் பாஸாயிருவாங்கன்னு. ஒரு சின்னச் சத்தம் மனுசன எப்படித் தடுமாற வெக்கும்னு அவருக்கு எங்க தெரீது.

பெட்ரோல் பங்க்குக்குப் பின்னால இருதயராஜ்னு ஒரு மெக்கானிக்கு இருக்கறான். கைவேலைக்காரன், அத மறுக்கமாட்டேன். வாய்தான் கொஞ்சம் நீளம். வண்டிய ஓட விட்டு, பேனட்டத் தொறந்து, காதைக் குடுத்துக் கேட்டான். கிளட்சு பேரிங்குதாங்கக்கான்னான். கிளட்ச மிதிக்கறப்ப மட்டும் அந்த பேரிங்கு போய் ஒட்டிக்கிட்டுச் சுத்தோணுமாம், காலை எடுத்தா விலகி நின்னுக்கோணுமாம். இது விலகவே மாட்டேங்குது, எந்நேரமும் ஒட்டிக்கிட்டே சுத்துது, அதான் கத்துதுன்னான். கேபிள் இறுகிப்போச்சு, ப்ளேயே இல்லைன்னான்.

என்ன ப்ளேன்னு கேட்டேன். டிரைவர் பக்கம் குனிஞ்சு கிளட்சக் கையால அமுக்கிக் காட்டினான். இப்பத் தொட்டதுமே கனமா இருக்குது பாருங்க, இப்படி இருக்கக் கூடாது, மொதல் ரெண்டு விரக்கடை, ரெண்டு விரல் அகலம், சும்மா போகோணும், அந்த ரெண்டு விரக்கடையில ஒரு வேலையும் நடக்கக் கூடாதுன்னான். கேபிள் கடைசியில, கியர் பாக்ஸுகிட்ட, ரெண்டு நட்டு இருக்குதுங்க சார். ஒண்ணு பூட்டு மாதிரி, அத லூஸ் பண்ணிப்போட்டு இன்னொண்ணத் திருப்பினாக் கேபிள் தளரும். அரைச் சுத்துத் திருப்புவான், உள்ள வந்து அமுக்கிப் பாப்பான், மறுக்காப் போய்க் கால் சுத்துத் திருப்புவான். பத்து நிமிசம் ஆகியிருக்கும். சத்தம் டக்குனு அடங்கிருச்சு.

கெளம்பறப்ப ஒரு வார்த்த சொன்னான். பேரிங்கு ஏற்கெனவே அடிபட்டிருக்குது, கிளட்சு மேல காலு லேசா இருந்தாக்கூடப் பாடும், காலை எடுத்தா அடங்கீரும், அதனால ஓட்டறவங்க காலக் கிளட்சு மேலயே வெச்சிருக்கக் கூடாதுன்னு சொல்லிக்குடுங்கக்கான்னான். எனக்கே சொல்றானுங்க. பதினாறு வருசமா நான் தெனமும் சொல்றதே அதத்தான். கியர் உழுந்ததும் காலை எடு, கிளட்சு மேல காலை வெக்காதே. நாளைக்கு ஸ்கூல்ல செவுத்தப் பாருங்க, என்ற கையெழுத்துல சார்ட்டே ஒட்டியிருக்குது.

மறுநாள் காலைல வந்து உக்காந்து காலைக் கீழ வெச்சா, எனக்கு என்னமோ மாதிரி ஆயிருச்சு. என்ற கிளட்சும் டிரைவரு கிளட்சும் ஒண்ணோட ஒண்ணு சேத்துக் கட்டினதுங்க. அங்க லூஸ்னா இங்கயும் லூஸ். காலை வெச்சா ரெண்டு விரக்கடை சும்மா எறங்குது. மாடிப்படி முடிஞ்சது தெரியாம இன்னொரு படிக்குக் காலை வெப்பமே, அப்படி. இதுல எப்படி ஒருத்தி கிளாஸ் எடுப்பா? அன்னைக்குச் சாயங்காலம் நானே பேனட்டத் தொறந்து, டிக்கியில இருந்து ஸ்பேனர எடுத்து, அவன் எந்த நட்டத் திருப்பினானோ அதே நட்ட எதிர்ப்பக்கமாத் திருப்பி வெச்சேன். கொஞ்சூண்டுதானுங்க. காலுக்கு ஒரு புடி கெடைக்கற அளவுக்கு.

ரெண்டாவது நாளே சத்தம் திரும்பி வந்திருச்சு. அவன் வேலை அவ்வளவுதான், பாருங்க.

நேரா வண்டிய ஓட்டிக்கிட்டுப் போயி நாலு பேரு எதுக்கால வெச்சுக் கேட்டேன். இதுதான் நீ சத்தத்த நிறுத்துன லட்சணமான்னு. அவன் பேனட்டத் தொறந்து பாத்துப்போட்டு, நட்ட ஆராச்சும் தொட்டீங்களாக்கான்னான். இல்லைன்னேன். பின்ன என்னங்க சார், அவன் பண்ணின வேலை நெலச்சு நிக்கலைங்கறதுதான பேச்சு, தொட்டாங்களா தொடலையாங்கறதா பேச்சு? மறுக்கா லூஸ் பண்ணினான். அப்பறம் டிரைவர் பக்கம் குனிஞ்சு பாத்தான், இந்தப் பக்கம் வந்து குனிஞ்சு பாத்தான், என்னையும் குனியச் சொன்னான்.

"அக்கா, டிரைவரு கிளட்சுல ரப்பர் வரி அப்படியே இருக்குது பாருங்க. உங்க கிளட்சுல தேஞ்சு இரும்பு தெரீது. உங்க பிரேக்கு ரப்பரு கடையில வாங்கின மாதிரி இருக்குது. நெசமாச் சொல்லுங்க, இத்தன வருசமா இந்த வண்டிய ஓட்டறது ஆரு?"

மட்டமான ரப்பரா இருக்கும்னு சொன்னேன். ரெண்டு பக்கத்துக்கும் ஒரே கடையில வாங்கினதுதாங்கக்கான்னான். சுத்தி நின்னவங்க சிரிச்சாங்க. பங்க்குல காத்துப் புடிக்க வந்தவன் கூடச் சிரிச்சான். அவன் ஆரு, எதுக்குச் சிரிக்கறான்னு அவனுக்கே தெரியாது.

சிரிக்காம நின்னது துளசிமணியக்கா ஒருத்தர்தான். அவங்களத் தெரியுமில்லீங்க, ஆத்துப்பாலத்துக்கு அக்கட்ட, கல்யாண வீடுகளுக்கு இடியாப்பமாட்டம் சந்தகை புழிஞ்சு அனுப்பறாங்களே, அவங்கதான். அம்பத்திரெண்டு வயசு, எனக்கு எட்டு வயசு மூப்பு. சொந்தமா வேன் வெச்சிருக்காங்க, டிரைவருதான் நிக்கமாட்டேங்கறான். முகூர்த்த நாளாப் பாத்து லீவு போடுவான். ஒருக்கா பந்தி போட்டு எலைய விரிச்சப்பறந்தான் சந்தகை போய்ச் சேந்துதாம், அந்தப் பேச்சு தாங்காம, இனி நானே ஓட்டிக்கறேன்னு எங்கிட்ட வந்து சேந்தாங்க. நான் சொன்ன எட்டுப் பேர்ல அவங்களும் ஒருத்தரு. ரெண்டு தடவை டெஸ்ட்டுக்குப் போயி ரெண்டு தடவையும் நின்ன எடத்துலயே நின்னுபோச்சு. அன்னைக்கு வேனுக்குப் பஞ்சர் போட வந்தவங்க, இருதயராஜ் பேசினதையெல்லாம் கேட்டுக்கிட்டு நின்னாங்க.

இந்தச் சேதி எனக்கு முன்னால மொதலாளிகிட்டப் போயிருச்சு. கூப்பிட்டாரு. அதட்டியெல்லாம் பேசமாட்டாரு, மெதுவாத்தான் சொல்லுவாரு, அதுதான் இன்னும் மோசம். "மரகதம், துளசிமணிக்கு அடுத்த வாரம் மூணாவது டெஸ்ட்டு. இந்தத் தடவையும் போச்சுன்னா நீ ஆபீஸ்ல உக்காந்து ஃபாரம் எழுது. வண்டிக்கு ஈரோட்டுல இருந்து ஒரு புள்ளை வரேங்குது."

வெளிய வந்து, வண்டியில ஏறி, இந்த சீட்டுல உக்காந்து கதவச் சாத்திக்கிட்டேன். ஃபாரம் எழுதறது கேவலம்னு சொல்லலை. ஆனா பாருங்க சார், வீட்டுல மாமனாரு சொல்றதுக்குத் தலையாட்டறேன், வீட்டுக்காரரு சொல்றதுக்குத் தலையாட்டறேன், இப்ப மகன் சொல்றதுக்கும் ஆட்டறேன். இந்த ஒரு சீட்டுலதான் நான் திரும்புன்னா வண்டி திரும்புது, நில்லுன்னா நிக்குது. இத எடுத்துக்கிட்டா நான் ஆரு? அழுதனுங்க. சொல்றதுக்கென்ன, நல்லா அழுதேன். அப்பறம் மூஞ்சியக் கழுவீட்டு சாயங்காலக் கிளாஸு எடுத்தேன்.

மறுநா காலைல ஆறு மணிக்கு மொதக் கிளாஸு. அஞ்சே முக்காலுக்கே வந்துட்டேன், ஒரு சின்ன வேலை இருந்துச்சு. பேனட்டத் தொறந்து ஸ்பேனரும் கையுமா நின்னிருக்கறேன், பின்னால வந்து நின்னுட்டாங்க துளசிமணியக்கா.

என்ன அம்மிணி பண்றேன்னாங்க. நட்டு லூசாயிருச்சுக்கான்னேன். லூசாயிருச்சா, லூசா இருக்கோணும்னு அவன் வெச்சதான்னாங்க. நான் ஸ்பேனர டிக்கியில கொண்டுபோய்ப் போட்டேன். அப்ப அவங்க சொன்னத அப்படியே சொல்றனுங்க.

"இறுக்குன நட்ட நீயே தளத்து அம்மிணி. தளத்திப்போட்டு, சீட்டுல ஏறிச் சம்மணம் போட்டு உக்காரு. இல்லாட்டி நான் வண்டிய எடுக்கமாட்டேன்."

நான் முடியாதுன்னேன். பதினாறு வருசத்துல எனக்கு இப்படி உக்காரு அப்படி உக்காருன்னு சொன்னவங்க ஒருத்தரும் இல்லைன்னேன். வேற ஸ்கூலுக்குப் போங்கன்னேன். அவங்க கோவப்படவே இல்லை. சந்தகை மாவு வேகற வரைக்கும் அடுப்புகிட்ட நிக்கறவங்க இல்லீங்களா, பொறுமை இருக்குது. அப்படியே வண்டிக் கதவு மேல சாஞ்சு நின்னுக்கிட்டாங்க.

அவங்ககிட்டச் சொல்லாத ஒண்ண உங்ககிட்டச் சொல்றனுங்க சார். ஏன்னா இந்த எடத்துல நின்னுக்கிட்டிருக்கோம். நான் வேலைக்குச் சேந்து ரெண்டாவது மாசம். அப்பெல்லாம் நான் சம்மணம் போட்டுத்தான் உக்காருவேன். ஆமாங்க. எனக்கு அதுதான் வசதி, சின்னதுல இருந்தே எங்க உக்காந்தாலும் காலை மடக்கிக்குவேன். பேங்க்குல வேலை பாத்த ஒரு பொண்ணு, பத்தாவது நாளு, நல்லா ஓட்டினா. இந்த கேட்டுத்தான். தண்டவாளத்து மேல ஏறினதும் கிளட்ச டப்புன்னு உட்டுப்போட்டா. வண்டி நின்னுபோச்சு. அவ சாவியத் திருப்பறா, எடுக்கமாட்டேங்குது. மணி அடிக்க ஆரம்பிச்சுது. கேட்டு எறங்குது. நான் காலைக் கீழ உடப் பாக்கறேன், சேலை சிக்கிக்கிச்சு, வரமாட்டேங்குது. அந்த நேரம் எவ்வளவு நேரம்னு என்னால இன்னைக்கும் சொல்ல முடியாது. கேட்காரரு ஓடி வந்து பின்னால இருந்து தள்ளினாரு, எதுக்கால நின்ன ரெண்டு பேரு இழுத்தாங்க. வண்டி இக்கட்ட வந்து நாலு நிமிசம் கழிச்சுத்தான் ரயில் வந்துச்சு. ஒருத்தருக்கும் ஒரு கீறல் இல்லை. அந்தப் பொண்ணு அதுக்கப்பறம் ஸ்டீயரிங்கத் தொடவே இல்லைன்னு கேள்வி.

அன்னைக்குக் கீழ எறங்கின காலுங்க. நான் அத ஜாக்கிரதைன்னு சொல்லுவேன். எங்க போனாலும் அப்படித்தான் சொல்லுவேன். ஆனா உங்ககிட்ட எதுக்குப் பொய், பயந்துட்டேன் சார். பதினாறு வருசமும் பயந்துக்கிட்டேதான் இருந்திருக்கறேன்.

செரி, அத உடுங்க. அரை மணி நேரம் நின்னாங்க துளசிமணியக்கா. அடுத்த கிளாஸுக்கு ஆளு வந்துருவாங்களேன்னு நான்தான் எறங்கி வந்தேன். எறங்கி வந்தேன்னா தோத்துப்போயி இல்லை, நேரமாச்சேன்னு. ஸ்பேனர எடுத்து நானே தளத்தினேன். அரைச் சுத்து, உள்ள வந்து அமுக்கிப் பாத்தேன், மறுக்காக் கால் சுத்து. ரெண்டு விரக்கடை செரியா இருந்துச்சு. அவன் வெச்சதவிட என்ற அளவு நேர்த்தின்னு சொல்லோணும். ஏறி உக்காந்து காலை மடக்கினேன். உள்ளங்கால் ரெண்டும் ஜில்லுன்னு ஆயிருச்சு.

எடுத்தாங்க. நின்னுபோச்சு. எடுத்தாங்க. குதிச்சு நின்னுபோச்சு. ஸ்கூல் வாசல்லயே ஏழு தடவை, நான் எண்ணினேன். டீக்கடைக்காரரு வெளிய வந்து வேடிக்கை பாக்கறாரு. நம்ம வண்டி நின்னு அவரு பாத்ததே இல்லை பாருங்க. எனக்கு மானம் போகுது. இத்தனை நாளு நல்லா ஓட்டினவங்களுக்கு என்னாச்சு, எல்லாம் மறந்துபோச்சான்னு கேட்டேன். அவங்க வேர்த்துப்போயி என்னையத் திரும்பிப் பாத்தாங்க. "மறக்கறதுக்கு எங்க கத்துக்கிட்டேன் அம்மிணி. கிளட்சு எந்த எடத்துல புடிக்குதுன்னு என்ற காலுக்கு இப்பத்தான் தெரீது"ன்னாங்க.

எட்டாவது தடவை வண்டி நகந்துச்சு.

ஆறு நாளு இப்படியே போச்சு. சத்தமே இல்லீங்க. சத்தம் இல்லாத வண்டியில உக்காந்திருக்கறது எனக்கு என்னமோ வேற ஆரோ வண்டியில உக்காந்திருக்கற மாதிரி இருந்துச்சு. ரெண்டு மூணு தடவை திடீர்னு அந்த சத்தம் கேக்கும். அவங்க ரோட்டப் பாத்துக்கிட்டே எடது கையால என்ற முட்டிய ஒரு தட்டுத் தட்டுவாங்க. நான் காலை மேல எடுத்து வெச்சுக்குவேன். அதுக்கப்பறம் சத்தம் நிக்கறது தற்செயல்தானுங்க, பேரிங்கு அப்படித்தான், வரும் போகும்.

ஆறாவது நாளு, என்னையக் கேக்காம வண்டிய இந்த ரோட்டுல திருப்பினாங்க. இங்க வேண்டாங்க்கான்னேன். கேட்டு தொறந்திருந்துச்சு. தண்டவாளத்துக்கு முன்னால அந்த மேடு இருக்குது பாருங்க, மஞ்சப் பெயிண்டு அடிச்சிருக்குதே, அதுல ஏறினதும் நின்னுபோச்சு. பின்னால லாரி ஹாரன் அடிக்கறான். எனக்குக் காது அடைச்சுக்கிச்சு, மணி அடிக்காமயே மணிச்சத்தம் கேக்குது. என்ற காலு தானாக் கீழ போகுது. துளசிமணியக்கா என்ற முட்டி மேல கைய வெச்சு அமுக்கினாங்க. "இரு"ன்னாங்க. அவ்வளவுதான் சொன்னாங்க. அப்பறம் கைய எடுத்து, சாவியத் திருப்பி, கியரப் போட்டு, மெதுவாக் கிளட்ச உட்டாங்க. வண்டி ஏறுச்சு, தண்டவாளம் தடதடன்னுச்சு, அக்கட்ட எறங்கிருச்சு. என்ற கண்ணுல தண்ணி. லாரிக்காரன் கெளப்பின தூசி.

டெஸ்ட்டுக்கு அதே இன்ஸ்பெக்டருதான் வந்தாரு. அதே ஃபைலு, காலை அதே மாதிரி பின்னால இழுத்துக்கிட்டு உக்காந்தாரு. நான் வேப்பமரத்தடியில நின்னு கண்ண மூடிக்கிட்டேன். இஞ்சின் நிக்கற சத்தத்துக்காகக் காத்துக்கிட்டிருக்கறேன், வரவே இல்லை. கண்ணத் தொறந்து பாத்தா, எட்டுப் போட்டு முடிச்சு, வளைச்சு, எனக்கு எதுக்கால கொண்டாந்து நிறுத்தறாங்க. எறங்கி எங்கிட்ட வந்தாங்க. முந்தானையில மூஞ்சியத் தொடச்சுப்போட்டு, ஞாயித்துக்கெழமை முகூர்த்தம் இருக்குது, முந்நூறு எலைன்னாங்க.

அதுக்கப்பறம் அந்த எட்டுப் பேர்ல அஞ்சு பேரு வந்து பாஸாயிட்டாங்க. மொதலாளி ஃபாரம் எழுதறதப் பத்திப் பேசறதே இல்லை. ஈரோட்டுப் புள்ளை வரலை. சீட்டு என்ற சீட்டுத்தான்.

இப்பச் சொல்லுங்க சார், தப்பு ஆரு மேல? சத்தத்த நிறுத்தினது ஆரு? நட்டத் திருப்பினது என்ற கைதானுங்களே. இருதயராஜ் ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியறான், நான் காலை எடுக்கச் சொன்னேன், அக்கா எடுத்துட்டாங்கன்னு. அவன் சொல்லியா எடுத்தேன்? முட்டி வலி. நீங்க என்ன சிரிக்கறீங்க? வாத்தியாருங்க சிரிச்சா எனக்குப் பரிச்சைப் பேப்பரத் திருத்திக் குடுத்த மாதிரி இருக்குது.

சித்தெ இருங்க, இந்த ஒரு காலை மட்டும் கீழ நீட்டிக்கறேன், மரத்துப்போச்சு.

அங்க பாருங்க, ரயில் வந்திருச்சு. கூட்ஸுதான். எண்ணிக்கிட்டே இருங்க, அம்பது பொட்டிக்கு மேல இருக்கும்.

செரி, கேட்டு தூக்கறான். சாவியப் போடுங்க. பின்னால ஹாரன் அடிப்பான், அடிக்கட்டும், அது அவன் கை, அவன் ஹாரன். கிளட்ச முழுசா மிதிங்க. ஃபர்ஸ்ட்டு. கை பிரேக்க எடுங்க. மெதுவா உடுங்க, காலுக்கே தெரியும் எங்க புடிக்குதுன்னு.

நின்னுபோச்சா? நிக்கட்டும். மறுக்கா. நான் ஒண்ணும் பண்ணமாட்டேன், ஜன்னல் வழியா வெளிய பாத்துக்கிட்டு இருக்கறேன். மறுக்கா எடுங்க.

ம். ஏறுது. பாருங்க, மேட்டுல ஏறுது. தண்டவாளம். உட்டுராதீங்க, அப்படியே, அப்படியே. எறங்கியாச்சு. செகண்டு போடுங்க. கியர் உழுந்துதுங்களா, காலை எடுத்துருங்க. நல்லா ஓட்டறீங்க சார்.

இருங்க. அந்த சத்தம் கேக்குதுங்களா? அதே சத்தம். கிளட்சு மேல இருந்து காலை எடுங்க சார்.

எடுத்துட்டீங்களா?

எங்க, பாக்கறேன். ஆமா. உங்க காலு ரெண்டும் கிளட்சுக்கு அக்கட்டத்தான் இருக்குது.

என்ற காலு எப்ப எறங்குச்சுன்னே தெரியலீங்க சார். நெசமாத் தெரியலை.

எடுத்துட்டேன். இப்பக் கேக்கலையில்லீங்க? போங்க, நேராப் போங்க. இத மட்டும் அந்த இருதயராஜுகிட்டச் சொல்லிப்போடாதீங்க.